ஆசீர்வதித்த உப்பு

வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சிசிலி மகனின் அறைக் கதவைத் திறந்தாள். மூன்று மிளகாய்ச் செடிகளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. காலையில் நிமிர்ந்து நின்றவைதாம். விளக்கு எரிந்தது. தொட்டிக்குள் காற்று மோட்டார் வழக்கம்போல் குமிழி விட்டது. தண்ணீரும் குறையவில்லை. பிறகு ஏன் இப்படி என்று வேறு யாராவது கேட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியும்.

செடிகள் மகன் றெக்ஸ் வைத்தவை. மண் கிடையாது, தண்ணீரில்தான் வேர். ரசாயன உரத்தைத் தொடமாட்டான். மீன் கரைசலும் கடற்பாசிச் சாறும்தான். "தண்ணிக்குள்ள உயிர் இருக்கம்மா, அதுகள்தான் செடிக்குச் சமைச்சுக் குடுக்குதுகள்" என்பான். அந்தச் சமையலின் நாற்றத்தில் அவன் தகப்பன் ஞானேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார். செடி விளக்கின் இளஞ்சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு வெள்ளைக்கார மதாம், இவர்கள் வேறு ஏதோ செடி வளர்க்கிறார்கள் என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். இந்தப் பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வான்கூவர் பக்கம் ஒரு கண்ணாடிக் கூரைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது, தகப்பனும் மகனும் வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். போனவன் போனவன்தான். சிசிலி அழைத்தால் எடுக்கமாட்டான். செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான். ஒருநாள் இலை ஓரம் சுருண்டதைப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்! அன்றிலிருந்து மாலையானால் அழைப்பு வரும். வேர் வெள்ளையா, வழுவழுப்பா, தண்ணீர் என்ன நிறம், இதுதான் பேச்சு. சாப்பிட்டியா என்று இவள் கேட்டால் "ம்" என்பான். அந்த "ம்" போதும் அவளுக்கு. சென்ட் லோரன்ட் மருந்துக் கம்பனியில் பெட்டிகளை அடுக்குகிற நேரம் முழுவதும் மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே மனம் அலைந்தது.

நேற்று பூக்கள் கொட்டத் தொடங்கின. "பூ நிக்காட்டி இனிக் காய்க்காதம்மா, எறிஞ்சு போடுங்கோ, உங்களுக்கும் கரைச்சல்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டான். எறிவதா? எறிந்தால் நாளைக்கு எதைக் கேட்டுக் கூப்பிடுவான்? இன்று காலையில் பஸ்ஸுக்கு நேரமாகியும் கால் வாசலுக்குப் போகவில்லை. அந்தோனியார் சொரூபத்துக்குப் பின்னால் கோயிலில் ஆசீர்வதித்துக் கொடுத்த உப்புப் பக்கற்று இருந்தது. புது வீட்டு வாசலில் தூவியிருக்கிறாள், கார் சீற்றுக்குக் கீழே போட்டிருக்கிறாள், எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. விசுவாசத்துக்கு ஒரு சிட்டிகை போதும். பயத்துக்குப் போதவில்லை. பக்கற்றைத் தொட்டிக்குள் அப்படியே கவிழ்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள்.

இப்போது கோட்டுப் பைக்குள் போன் அடித்தது.

"அம்மா, பூ எப்பிடி?"

"நிக்குது ராசா." வாய் முந்திக்கொண்டது.

"வீடியோவைப் போடுங்கோ, பாப்பம்."

"சிக்னல் சரியில்லையடா..."

"வீட்டுக்குள்ளதானே நிக்கிறியள். போடுங்கோம்மா."

போட்டாள். அந்தப் பக்கம் அவன் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன செய்தனீங்கள்?"

"உப்புப் போட்டனான். கோயில் உப்பு."

"எவ்வளவு?"

"பக்கற்று முழுக்க."

"அம்மா! தண்ணியிலை இருந்ததெல்லாம் செத்திருக்கும். ஏனம்மா?"

"நீ எறியச் சொல்லிப்போட்டாய். இதுகளும் போனால் நீ என்னோடை கதைக்கமாட்டாய்." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

றெக்ஸ் எங்கேயோ பார்த்தான். "முதல்ல மோட்டாரை நிப்பாட்டுங்கோ" என்றான்.

செடிகளைத் தூக்கி, வேர்களை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசச் சொன்னான். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளியலறைத் தொட்டியில் குந்தி அலசினாள். பிறகு உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கொட்டத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. மகனின் குரல் கேட்டு ஞானேந்திரன் கதவடியில் வந்து நின்றார். குனிந்து தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார். திரையில் அவர் கைகள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

"மெல்லத் தூக்கச் சொல்லுங்கோம்மா. காத்துக் குழாய் கழண்டிடும்."

"எனக்குத் தெரியும்" என்று அவர் தொட்டியிடம் சொன்னார். ஆனால் மெல்லத்தான் தூக்கினார். ஊற்றிக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, வந்த மாதிரியே போய்விட்டார்.

திரும்ப வைத்து மோட்டாரைப் போட்டும் செடிகள் அப்படியேதான் தொங்கின.

"தப்புமோ தம்பி?"

"தெரியாதம்மா. போனை உதிலையே வைச்சிட்டுப் போங்கோ. எனக்கு இப்ப இடைவேளைதான், பாத்துக்கொண்டிருக்கிறன்."

கடற்பாசிச் சாற்றுப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தாள். அரிசி களைய வேண்டும், ஈரச் சட்டையை மாற்ற வேண்டும். வாசல் வரை போனவள் நின்றாள். சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து, செடிகளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். திரையின் மூலைக் கட்டத்தில், வாடிய இலைகளுக்கு நடுவே அவள் முகமும் வந்தது. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தாள்.

அந்தப் பக்கம் றெக்ஸின் கண்கள் செடியிலிருந்து சற்று மேலே ஏறின.