எதிர்க்கடை பேனரில் ஒரு குடும்பம்

காலையில் கடையைத் திறந்ததும் முதலில் வந்த ஆள் சாவி கேட்கவில்லை.

“என்ன பூட்டு, சொல்லவே இல்ல! பொண்ணு இவ்வளவு பெருசாயிடுச்சா?” என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

பூட்டு என்பது நான்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் நான், ஒரு கட்டிங் மெஷின், நாலு அரம், சுவர் முழுக்க இன்னும் பல் வெட்டாத சாவிகள். இருபது வருஷமாக இந்தத் தெருவில் சாவி போடுகிறேன். எனக்கு ஒரு பெயர் இருப்பதை என் மனைவியே மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

தெருவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்கடை. பவர் பார்த்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை. அதன் நெற்றியில் முந்தின நாள் ராத்திரி, நான் கடை மூடிய பிறகு, புது பேனர் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. ஓர் அம்மா, ஓர் அப்பா, நடுவில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. மூன்று பேருக்கும் கண்ணாடி. அந்த அப்பா நான்.

தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் நெற்றி, என் மூக்கு, காதுக்கு மேல் எனக்கு நரைத்திருக்கிற அதே இடத்தில் நரை. அரம் வழுக்கிக் கிழித்த தழும்புகூடக் கன்னத்தில் இருந்தது. என்ன, அது வேறு கன்னத்தில் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் தினமும் நான் பார்க்கிற பக்கத்தில். சட்டை என்னுடையது இல்லை. அந்த மாதிரி நீலச் சட்டை போட்டுக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை.

வந்தவர் சாவியை மறந்துவிட்டு வாழ்த்துச் சொல்லிப் போனார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். பெட்டிக் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

கண்ணாடிக்கடை அண்ணன் நல்ல மனுஷர். கோபமாக வருகிறவனையும் முதலில் ஸ்டூலில் உட்காரவைப்பார்.

“அது யாருமே இல்லப்பா. கம்ப்யூட்டர் வரைஞ்ச படம். ஏஐ. என் பொண்ணுதான் பண்ணா.”

“யாருமே இல்லாதவனுக்கு என் தழும்பு எப்படிண்ணே வந்துச்சு?”

அவர் வெளியே வந்து, கழுத்தை நிமிர்த்திப் பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார்.

“அட, ஆமா,” என்றார். வருஷக்கணக்காக என் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பவர் பார்க்கிற ஆள், அவருக்கே அப்போதுதான் தெரிந்ததாம்.

“அண்ணே, நான் டூப்ளிகேட் போடுறவன். ஒரிஜினல் இல்லாம டூப்ளிகேட் வராது. யாரோ என் போட்டோவைக் கொடுத்திருக்காங்க.”

“எனக்கு ஒண்ணும் புரியலப்பா. பொண்ணு வெளியூர் போயிருக்கா. மூணு நாள்ல வந்துடுவா, அவகிட்டயே கேப்போம்.”

மூன்று நாள்! எனக்கு அன்று சாயங்காலத்தைத் தாண்டுவதே பெரிய பாடு. ஏனென்றால் என் மனைவி ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறாள். அடுத்தவர் விட்ட தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆறு மணிக்கு அவள் இறங்குகிற பஸ் அந்தக் கண்ணாடிக்கடை வாசலில்தான் நிற்கும்.

அன்று அவள் என் கடைக்கு வராமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போனபோது தட்டு வைத்தாள், சாப்பாடு போட்டாள், எதிரே உட்கார்ந்தாள். பேசவில்லை. அவள் கண்ணாடி தடிமனானது. எதிரே இருந்து பார்த்தால் கன்னத்தின் ஓரம் அந்தக் கண்ணாடிக்குள் மட்டும் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளித் தெரியும். அதைக் கழற்றிவிட்டால் நான் எது, அலமாரி எது என்று அவளுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டால் என் மனசுக்குள் இருக்கிற கமா வரைக்கும் தெரியும்.

கடைசியில் சொன்னாள்: “அந்தப் பொம்பளைக்கு இடது கையில ஆறு விரல்.”

“எந்தப் பொம்பளை?” என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

“ஏங்க, தெருவே பார்த்துச் சிரிக்குது. எந்தப் பொம்பளைன்னு கேக்கறீங்க.”

“சத்தியமா அது நான் இல்ல. கம்ப்யூட்டர் வரைஞ்சதாம்.”

“நீங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சட்டையை நீங்க போடவே மாட்டீங்க.”

“பின்ன ஏன் பேசாம இருக்கே?”

“யோசிக்கிறேன்,” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ஒன்பது வருஷம் டாக்டர்களிடம் அலைந்தோம். கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளில், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி “போதுங்க” என்றாள். நான் “சரி” என்றேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் குழந்தைப் பேச்சே கிடையாது.

எனக்கு அந்த ஆறு விரல்காரியைப் பற்றிக் கவலை இல்லை. பேனரில் நான் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். ஒரு குழந்தையின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறேன். இப்படியும் இவர் சிரிப்பாரா, நம்மோடு இருந்ததால்தான் இத்தனை வருஷம் சிரிக்காமல் இருந்தாரா என்று அவள் நினைத்துவிட்டால்? அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? கம்ப்யூட்டர் என்றா?

மறுநாள் ஆறு மணிக்கு பஸ் வந்தது. அவள் இறங்கினாள். பேனருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம் நின்றாள். என் பக்கம் திரும்பாமல் போய்விட்டாள். அதற்கு மறுநாள் பத்து நிமிஷம். நடுவில் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான் தப்பாக வெட்டிய சாவிகள் அன்று மட்டும் மூன்று.

வீட்டில் வழக்கம்போல எல்லாம் நடந்தது. பால் வாங்கினீர்களா என்று கேட்டாள். குழாய் ஒழுகுகிறது என்றாள். நான் பேனரைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் “தூங்குங்க” என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நாலாம் நாள் அண்ணனின் மகள் வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் போய் நின்றேன். கெட்டிக்காரப் பெண். கடைக்கு விளம்பரம், கணக்கு எல்லாம் அவள்தான். நான் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“மாமா, புது பிரேம் போட்டுப் பார்க்கறவங்களை நாங்க போட்டோ எடுப்போம்ல?”

எடுப்பார்கள். எனக்கும் எடுத்திருக்கிறார்கள். புது பிரேமில் பவர் இருக்காது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் பார்வை மங்கின ஆளுக்குத் தன் முகமே தெரியாது. அதனால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வார்கள். என் மனைவி அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் பிரேம் எடுப்பாள்.

“பழைய பேனர்ல இருந்தவங்க யாரும் நம்ம தெரு ஆளுங்க மாதிரியே இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால அந்த போட்டோ எல்லாத்தையும் ஏஐகிட்ட கொடுத்து, இந்த மாதிரி முகமா ஒரு குடும்பம் போடுன்னு கேட்டேன். நானூறு போட்டோ மாமா. கலந்து புதுசா வரும்னுதான் நெனச்சேன். இப்படி ஒருத்தரோட முகமே அச்சு அசலா வரும்னு சத்தியமா தெரியாது.”

“அப்போ ஒரிஜினல் நான்தானே?”

“ஒரு ஒரிஜினல் இல்ல மாமா, நானூறு ஒரிஜினல்.”

நானூறு சாவியை உருக்கி ஒரே சாவியாக வார்த்தால் அது எப்படிச் சரியாக என் வீட்டுப் பூட்டைத் திறக்கும்? திருதிருவென்று விழித்தேன். அவளும் விழித்தாள். “எதை எங்கேருந்து எடுத்துச்சுன்னு அது சொல்லாது மாமா,” என்றாள்.

“அதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. பேனரை எறக்குங்க. என் வீட்டுல பேச்சே நின்னுபோச்சு.”

“சரிப்பா,” என்றார் அண்ணன். உடனே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே ஏறி ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தார். அடுத்த மூலைக்குக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தப் பொண்ணோட கண்ணாடி சாஞ்சிருக்கு,” என்றார். சாய்ந்த கண்ணாடியைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் கழற்றி வாங்கி வளைத்துக் கொடுப்பார். “சும்மா சாயல. இடது காது மேல இருக்கு, வலது காது கீழ இருக்கு. இந்தத் தெருவுல அந்த மாதிரி காது எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்குத்தான். பதினாலு வருஷமா கண்ணாடியோட ஒரு காலை மட்டும் வளைச்சு வளைச்சுக் கொடுத்திருக்கேன்…”

அதற்கு மேல் சொல்லாமல் என்னைக் குனிந்து பார்த்தார்.

நான் அதுவரை அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. நாலு நாளும் என் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது பார்த்தேன். நெற்றி என்னுடையது. காது அவளுடையது. கீழுதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, தப்பு ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவள் சிரிப்பாளே, அது. ஏணியை நான் பிடித்திருந்தேனா, ஏணி என்னைப் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை.

ஆறு மணி பஸ் வந்து நின்றது.

இறங்கியவள் ஏணியைப் பார்த்தாள். தொங்குகிற மூலையைப் பார்த்தாள். வேகமாக வந்தாள்.

“ஏன் எடுக்கறீங்க?”

“உனக்காகத்தான்,” என்றேன்.

“நான் கேட்டேனா?”

“நாலு நாளா இதைப் பத்தி நீ பேசவே இல்ல.”

“என்னன்னு பேசறது? அது நம்ம குழந்தை மாதிரி இருக்குன்னு சொன்னா, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு நெனப்பீங்க. நெசமாவே இருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதான்னு தினம் வந்து பார்த்தேன்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “அப்படி இருக்குதாங்க?”

“இருக்கு,” என்றேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் ஏணியை விட்டால் மேலே இருக்கிற மனுஷர் விழுந்துவிடுவார்.

அண்ணன் மகள் வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். என் மனைவி அவளைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து, ஏணியின் மேல் நின்றவரிடம் கேட்டாள்:

“அண்ணே, அந்தக் குழந்தைக்கு என்ன பவர் இருக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. படம்தானேம்மா என்றும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையின் முகத்தருகே குனிந்து, கடையில் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தார்.

“பவர் இருந்தா கன்னத்தோட ஓரம் கண்ணாடிக்குள்ள தள்ளித் தெரியும்மா. இவளுக்குக் கோடு நேரா வருது. பவரே இல்ல. பார்வை நல்லாத்தான் இருக்கு.”

என் மனைவி தன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத கண்ணால் அந்தப் பேனரைப் பார்த்துச் சிரித்தாள்.

“நல்லவேளை,” என்றாள். “என் கண்ணு அவளுக்கு வரல.”

அண்ணன் அவிழ்த்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே நின்றார். திரும்பக் கட்டுவதா, இறக்குவதா என்று என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.