அடியில் கிடக்கும் ஐந்நூறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் மற்ற கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு என்றால் வெளித் தேர்வாளராக என்னைத் தள்ளிவிடுகிறார்கள். ரோஹிணி மேடம் போனால் ஒரே நாளில் அறுபது பிள்ளைகளை வறுத்தெடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிடுவாள் என்று ஒரு பேர். பேரைக் காப்பாற்றிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று போனது புனேயில் கசார்வாடி தாண்டி, பழைய மும்பை ரோட்டோரக் கல்லூரி. இரண்டாம் வருடப் பிள்ளைகள், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம். பிள்ளை சீட்டு எடுக்க வேண்டும், அதில் வந்த புரோகிராமை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும், அப்புறம் நாங்கள் கேட்பதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். இருபத்தைந்து மார்க், பத்து எடுத்தால் பாஸ். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தக் கல்லூரியின் ஆசிரியர் சாளுங்கே சார். நல்ல மனிதர். எல்லாருக்கும் பத்தைப் போட்டு அனுப்பிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருப்பவர். மதியத்துக்கு பூரியும் ஸ்ரீகண்ட் இனிப்பும் சொல்லியிருப்பதாகக் காலையிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்கு நீலா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவள். போன வருடம் இதே பாடத்தில் போய், ஒரு வருடம் வீணானவள். இதைப் புனேயில் ‘ஒய்.டி.’ என்பார்கள். அவளுக்கு வந்த சீட்டு ஹீப். எண்களை அடுக்கும் ஒரு முறை அது. உச்சியில் ஒன்று, அதன் கீழே இரண்டு, அவற்றின் கீழே நான்கு என்று விரிந்துகொண்டே போகும். மேலே இருப்பது கீழே இருப்பதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அவள் எழுதிய புரோகிராம் முதல் தடவையே ஓடியது. சாளுங்கே, “ஷாபாஷ்” என்றார். நானும் பதினைந்து போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அப்படி அந்தப் பெண் வாயைத் திறந்தாள். என் பெயர் அட்டையைப் பார்த்தாளோ, போனில் நான் வீட்டுக்காரரிடம் பேசியதைக் கேட்டாளோ தெரியாது. மேஜைமேல் குனிந்து, மெதுவாக, தமிழில் சொன்னாள்.

“மேடம், நீங்க தமிழ்தானே? எங்கப்பாவும் தென்காசிப் பக்கம்தான். பாஸ் மட்டும் ஆனா போதும் மேடம். இந்தத் தடவையும் ஒய்.டி. ஆச்சுன்னா காலேஜ் போதும், வொர்க்ஷாப் ஆபீஸ்ல வந்து உக்காருன்னு அப்பா சொல்லிட்டாவ. பக்கா சொல்லிட்டாவ.”

சாளுங்கேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழ் என்று தெரியும். நாற்காலியில் சாய்ந்து சிரித்தபடி இந்தியில், “அச்சா, உங்க ஊர்ப் பொண்ணா மேடம்?” என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. போன வருடம் எங்கள் கல்லூரியில் ஜோஷுவா என்கிற தமிழ்ப் பையனுக்கு இருபத்துநான்கு போட்டேன். படித்தவன், போட்டேன். ஆனால் ஸ்டாஃப் ரூமில் இதே மாதிரி சிரித்தார்கள். “ரோஹிணி மேடத்துக்கு மதராஸ் காற்று அடிச்சுடுச்சு” என்று துறைத் தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னார். பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் இடத்தில் கூனிக் குறுகி நின்றேன். இப்போது இவள், கேட்காமலே, அதே சேற்றை அள்ளி என்மேல் பூசுகிறாள். வந்ததே எனக்குக் கோபம்.

“இங்கே ஆங்கிலத்தில் பேசு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “ஆயிரம் எண்கள் கலைந்து கிடக்கின்றன. அதை ஹீப்பாக அடுக்க எத்தனை படி வேலை ஆகும்?”

இந்தக் கேள்வியை நான் வைத்திருப்பது கழுத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக. பதில் சுமார் பத்தாயிரம். எண்கள் ஆயிரம், ஒவ்வொன்றும் பத்து அடுக்கு நகர வேண்டிவரும். எண்ணிக்கையை ‘என்’ (n) என்று வைத்து, அதைப் பாடத்தில் ‘என் லாக் என்’ என்போம். பெரும்பாலும் திருதிருவென்று விழிப்பார்கள்.

நீலா விழிக்கவில்லை. “ஆயிரம்தான் ஆகும் மேடம். வெறும் ‘என்’தான்” என்றாள்.

“இன்னொரு தடவை யோசி.”

யோசித்தாள். “ஆயிரம்தான் மேடம். என் புரோகிராம் கீழேயிருந்து அடுக்கிக்கொண்டு வருகிறது. ஆயிரத்தில் ஐந்நூறு அடியில் கிடக்கின்றன. அதுக்குக் கீழே யாரும் இல்லை, அது நகரவே வேண்டாம். அதுக்கு மேலே இருக்கிற இருநூற்றைம்பது, ஒரே ஒரு படிதான் இறங்கும்...”

“எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?”

“புத்தகத்தில் பார்க்கலை மேடம். நானே போட்டுப் பார்த்தேன்.”

“நானே போட்டுப் பார்த்தேன்” என்று அவள் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினேன். சாளுங்கே சிரித்தார். அடுத்த மேஜையில் காத்திருந்த இரண்டு பையன்களும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. அது எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைப்பானேன்.

அவள் போனதும் என் தாளில் எட்டு என்று எழுதினேன். சாளுங்கே எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். “மேடம், புரோகிராம் ஓடிச்சே. வருஷம் போயிடும் அவளுக்கு. பத்து போட்டுடுங்க, ஜானே தோ, போகட்டும்.”

“எங்க ஊர்ப் பொண்ணுன்னு பார்க்கிறவ நான் இல்லை சார்” என்றேன். மனிதர் என்னை மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் எட்டு போட்டேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது நியாயத்துக்காகப் போட்டதாகத்தான் நினைத்தேன்.

மதியம் பூரி வந்தது. இரண்டாவது பூரியைப் பிட்டபோது, அடியில் கிடக்கும் ஐந்நூறு மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சனியன், போக மாட்டேன் என்கிறது. இடது கையால் பேனாவை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் போட்டுப் பார்த்தேன். ஐந்நூறு எண்கள் நகரவில்லை. இருநூற்றைம்பது ஒரு படி. நூற்றிருபத்தைந்து இரண்டு படி. அறுபத்திரண்டு மூன்று படி. கூட்டிக்கொண்டே போனேன். உச்சிவரை போய்க் கூட்டினாலும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. பத்தாயிரம் எங்கேயும் இல்லை.

அந்தப் பெண் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. அதுவும் இன்று நேற்றுச் செய்த தப்பு இல்லை. நான் கோயம்புத்தூரில் படித்த காலத்தில் எழுதிக்கொண்ட நோட்ஸில் இருப்பது, அதையே பதினான்கு வருடம் போர்டில் எழுதிப்போட்டிருக்கிறேன். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, நான் கால் வைக்காத கல்லூரியில்கூடப் படிக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை வேறு. ஸ்ரீகண்ட் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். “இனிப்பு பிடிக்கலையா மேடம்?” என்று சாளுங்கே கவலைப்பட்டார். கைக்குட்டையைக் கசக்கித் தட்டில் போட்டு, மேலே மிச்சப் பூரியை வைத்தேன்.

மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான்கு மணிக்குமேல். அதுவரை என் தாளில் இருந்தது பேனாவால் எழுதிய ஒரு எட்டு, அவ்வளவுதான். அதை அடித்துப் பதினெட்டாக்க ஒரு நொடி போதும். ஆனால் சாளுங்கே ஏன் என்று கேட்பாரே. நான் பதினான்கு வருடம் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதா? அல்லது ஒன்றும் சொல்லாமல் மாற்றி, ஊர்ப் பாசம் வேலை செய்துவிட்டது என்று அவர் நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிப்பதா? மதியம் வந்த பிள்ளைகளிடம் ஸ்டாக், க்யூ என்று சுலபமாகக் கேட்டேன். ஹீப் பக்கமே போகவில்லை. வழக்கத்துக்கு விரோதமாக நிறையப் பேருக்கு இருபது போட்டேன்.

நான்கே காலுக்கு மார்க் ஏற்ற உட்கார்ந்தோம். கதவருகே நீலா நின்றாள். காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை போல. கையில் ஜெராக்ஸ் தாள்கள். தூரத்திலிருந்தே என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது.

“காலையில் தமிழில் பேசினதுக்கு சாரி மேடம்” என்று இந்தியில் ஆரம்பித்தாள். “அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பதிலையும் தப்பாகச் சொல்லிட்டேன். சாளுங்கே சார்கிட்டே கேட்டேன், இந்த நோட்ஸில் இருக்குன்னு காட்டினார். ‘என் லாக் என்’. ஒவ்வொரு எண்ணும் முழு உயரத்துக்கு நகர வேண்டிவரும், அதனால பத்தாயிரம். இப்போ சரியா மேடம்?”

சாளுங்கே முகம் மலர்ந்தது. “பாருங்க மேடம், திருத்திக்கிட்டா. இப்பவாவது பத்து போடுங்க. நானும் கையெழுத்துப் போடறேன், யார் கேட்கப் போறாங்க?”

இதைவிட நல்ல வழி எனக்கு யார் போட்டுத் தருவார்கள்? ஒரு வார்த்தை பேசாமல், யாருக்கும் தலை குனியாமல், அவளைக் கரை ஏற்றியிருக்கலாம். கை கீபோர்டு வரை போனதும் உண்மை. ஆனால் என் தப்பை எனக்கே சரியென்று ஒப்பித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள், அதை என்னால் சகிக்க முடியவில்லை. அவள் அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது.

“வெளியே போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னால் மார்க்கா சார்? அப்புறம் மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கு என்ன நியாயம்?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நீலா அழவில்லை. அழுதிருந்தால் விரட்டியிருக்கலாம். பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். மேலிருந்து கீழே விரியும் படம். அடியில் ஐந்நூறு, அதன்மேல் இருநூற்றைம்பது, பென்சிலில் அழகாகக் கூட்டல் போட்டிருந்தது. நான் கைக்குட்டையில் போட்டதைவிடத் தெளிவாக இருந்தது.

“மார்க்குக்காகக் கேட்கலை மேடம்” என்றாள். “நான் போட்டது எந்த இடத்தில் தப்பாச்சு? மறுபடி மறுபடி பார்த்தேன், தெரியலை. அதை மட்டும் சொல்லிடுங்க. அடுத்த தடவை இப்படி யோசிக்காம இருக்கணும்.”

சாளுங்கேயும் ஆவலாக நோட்டைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டினார். நான் பட்டென்று மூடி அவளிடம் கொடுத்தேன். அவருக்குப் புரியக் கூடாது என்று தமிழில் சொன்னேன்.

“இங்க பாரு கண்ணு. உனக்கு எட்டாததையெல்லாம் நீயே யோசிக்கப் போனா இப்படித்தான் ஆகும். நோட்ஸ்ல இருக்கறதப் படி. சொந்தமா யோசிக்கறத முதல்ல விடு.”

அன்று முழுதும் நான் அவளிடம் பேசிய தமிழ் அவ்வளவுதான். அவள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நோட்டைத் திறந்து, அந்தப் படத்தின் குறுக்கே பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள்.

“சரிங்க மேடம். தேங்க்ஸ்” என்றாள்.

நான் எட்டு என்று தட்டினேன்.