ஐந்தாம் பாத்தி

8.1.2009, வியாழன். தவறு: மூன்றாம் பாத்தியில் மண் ஆழம் நாலடி என்று எழுதியிருந்தேன். கடப்பாரை இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சந்தில் இறங்கியிருக்கிறது. அதை மண் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் ஒன்றரை அடிதான்.

நாகஜோதி எழுதி முடிப்பதற்குள், குழி வெட்ட வந்த வீரணன் மறுபடி கடப்பாரையை ஓங்கிப் போட்டான். ணங்கென்று பொறி பறந்தது.

"ஏ தாயி, ஒங்கப்பனுக்குக் குழி தோண்டச் சொன்னியா, குவாரி தோண்டச் சொன்னியா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். குழியின் அடியில் வெள்ளைக் கழிவுக்கல், ஆள் படுக்கிற அகலத்துக்குப் பாளமாகக் கிடந்தது.

கடமலைக்குண்டு மாலை வகுப்பில் சார் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. பாத்திகளின் மண்ணையும் செடியையும் அளந்து எழுதுகிறவர்கள் அன்றன்றைய தவறை முதல் வரியில் எழுத வேண்டும். இரண்டு வருடமாக எழுதுகிறாள். தவறில்லாத நாள் என்று ஒன்றைக்கூட அவளால் காட்ட முடியாது. இன்றைக்கும் நோட்டை எடுத்துக்கொண்டுதான் வந்தாள். அப்பாவைப் புதைக்க எங்கே மண் இருக்கிறது என்று சொல்ல வேறு ஆள் இல்லை.

இந்த இரண்டு ஏக்கரும் அப்பா கர்ணனின் மானாவாரிக் காடு. குவாரிக்காரர்கள் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து, கல்லை அறுத்துக்கொண்டு, கழிவைப் பரப்பிவிட்டுப் போனார்கள். அந்தப் பத்து வருடமும் தன் காட்டில் தானே மிஷின் பிடித்துத் துளை போட்டவர் கர்ணன். தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. பிறகு செடி ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எட்டு பாத்தி பிரித்து, இந்த மண்ணுக்குரிய புல்லையும் மரத்தையும் திரும்பக் கொண்டுவரலாம் என்றபோது, முதல் ஆளாகக் கூடையைத் தூக்கியவரும் அவர்தான். "தோல உரிச்சவனே தோல ஒட்டுறேன்டி" என்று இருமலோடு சிரிப்பார்.

ஏழு பாத்தி கருகிவிட்டது. வெளியூர் விதை இரண்டு மழைக்கும் நிற்கவில்லை. ஐந்தாம் பாத்தியில் மட்டும் உசில், விடத்தலை மரக்கன்றுகள் இடுப்பளவு வந்திருந்தன. அடியில் கொழுக்கட்டைப்புல் கதிர் முற்றி நின்றது. மற்ற ஏழுக்கும் இனி விதை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பாண்டீஸ்வரன் சித்தப்பா டி.வி.எஸ். ஃபிப்டியை மேட்டிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"என்னத்தா, இன்னும் முடியலயா? மூணு மணிக்கு எடுக்கணும்ல. கொட்டுக்காரக வந்துட்டாக."

"கல்லுண்ணே" என்றான் வீரணன்.

"வேற எங்கன மண்ணு இருக்கு? நீதேன் அளந்து அளந்து எழுதுறியே, பாத்துச் சொல்லு."

நாகஜோதி பக்கத்தைப் புரட்டினாள். ஐந்தாம் பாத்திக்கு நேரே ஆறடி என்று இருந்தது. அதில் தவறில்லை. குவாரியின் பழைய தண்ணீர்க் குழி அது. நாற்பது நாள் கண்மாய் வண்டல் சுமந்து அப்பாவும் அம்மாவும் நிரப்பியது. நடுவில்தான் ஆழம். உசில் நிற்பதும் நடுவில்தான். பத்தடிக்குப் பத்தடி இடம். குழி வெட்டினால் பாதி போகும், கூட்டம் மிதித்தால் மீதியும் போகும். புதைத்த இடத்தில் யாரும் விதை உருவவும் மாட்டார்கள்.

"எங்கனயும் இல்ல சித்தப்பா."

"எட்டு பாத்தியிலயுமா?"

"எட்டுலயும்."

அவர் ஐந்தாம் பாத்தியைப் பார்த்தார். "அங்கன பச்சையா நிக்கிதே?"

"மேல் மண்ணுதேன். அடியில கல்லு."

குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

"நாலு நாளைக்கு முன்னாடி என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாக. ஊர்ச் சுடுகாட்டுல போட்டுராத தம்பி, எங்காட்டுலயே போடுன்னு. எங்கண்ணன் கடேசியாக் கேட்டது அது ஒண்ணுதேன்." நோட்டைச் சுட்டினார். "படிச்ச புள்ளன்னு பேரு. அப்பனுக்கு ஆறடி கண்டுபிடிக்க முடியல."

வீட்டில் கர்ணனை வாசலில் பலகையில் உட்காரவைத்து, எண்ணெயும் அரப்பும் வைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் அரப்புக்கு உசிலந்தழை பறித்து வந்தவள் நாகஜோதிதான். ஒரே செடியை மொட்டையடிக்காமல் செடிக்கு ஒரு கொப்பு. அரைத்த பச்சை அவர் நெற்றியில் வழிந்தது. தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள் அம்மா இருளம்மாள்.

"மதினி, அஞ்சாம் பாத்தியிலயும் மண்ணு இல்லங்குது ஒங்க மக. நெசமா?"

இருளம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கூடை சுமந்து சுமந்து உச்சியில் முடி தேய்ந்த இடம் வெயிலில் தெரிந்தது. கொட்டுச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அவள் குனிந்து, கணவனின் காதுமடலில் ஒட்டியிருந்த அரப்பை விரலால் வழித்தாள்.

"அளந்தது அவதேன். அவளுக்குத்தேன் தெரியும்."

"மதினி..."

"ஊரோட போற எடத்துக்கே போகட்டும் அவுக."

வீரணன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டுப் பக்கம் நடந்தான். பாண்டீஸ்வரன் அதற்குப் பிறகு நாகஜோதியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றரைக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். பாடை தெற்கே, காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையைத் தாண்டி, ஓடைப் பக்கம் திரும்பியது. அது திரும்புகிற வரைக்கும் நாகஜோதி அந்த வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஈரத்தரையிலேயே சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

"புல்லு முத்திருச்சா?"

"முத்திருச்சும்மா. காத்துக் கெளம்புனா உதுந்துரும்."

அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"பால் ஊத்துற வரைக்கும் காட்டுப்பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லுவாக. வெள்ளனப் போயிரு. ஒங்க சித்தப்பன் எந்திரிக்குமுன்ன வந்துரு."

நாகஜோதி வாசல் வெளிச்சத்தில் நோட்டை மடியில் வைத்து எழுதினாள்.

நாளை: ஐந்தாம் பாத்தி. கொழுக்கட்டைப்புல் விதை உருவ வேண்டும். துணிப்பை இரண்டு. வரப்பில் நின்று, கை எட்டுகிற வரை மட்டும்.