குராமோச்சியின் தலையில் ஒரு பச்சைக் கோடு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். சத்தியம்.

ஜப்பானில் நண்டுக்குப் பேர்போன ஒரு துறைமுக ஊர். அங்கே மூளை அறுவைப் புரொஃபசர் குராமோச்சி நடந்து வந்தால் மருத்துவமனைத் தாழ்வாரமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சதைத் துணுக்கு எடுக்க மூளைக் கட்டிக்குள் ஊசி எந்த வழியாகப் போனால் ஆபத்து குறைவு என்று கணக்கிடும் கணினி வந்தபோது, சோதனைக்குத் தன் தலையையே ஸ்கேன் எடுக்கக் கொடுத்தார். அந்தப் படத்தில் ஒரு பொய்க் கட்டியையும் வரைந்து வைத்தார்கள். கணினி ஆயிரத்து நானூறு வழிகளை அலசி, பத்திரமான ஒன்றைப் பச்சைக் கோடாகக் காட்டியது.

நண்டு ஏலம் கூவும் இசோபே ஹத்சுயேவுக்கு நிஜமாகவே கட்டி. அதுவும் பேச்சுக்கான இடத்தை ஒட்டி. பேச்சு போனால் அவளுக்குப் பிழைப்பே போயிற்று.

அவளுடைய அறுவைக்கு முந்தின நாள் காலைக் கூட்டத்தில் புரொஃபசரே படத்தைத் திறந்தார்.

"பாருங்கப்பா, மூளை எப்படி வத்திக் கெடக்கு! நெத்திப் பக்கம் காலி வீடு. இந்த வழியாப் போனா ஒண்ணும் சேதமாகாது. ஏதாவது இருந்தாத்தானே சேதமாக!"

ஏழு மருத்துவர்களும் "ஆமாங்க" என்றார்கள். கணினியைப் பார்த்துக்கொள்ளும் நிஷிவாக்கி மட்டும் வாயைத் திறந்து, இருமிவிட்டு மூடிக்கொண்டாள்.

மதியம், சம்மதத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்த வந்த ஹத்சுயே திரையை உற்றுப் பார்த்தாள்.

"டாக்டர், ஓரத்துல உங்க பேருல்ல போட்டிருக்கு? இது என் தலையா, உங்க தலையா? கூடை மாறினாலே எங்க ஏலத்துல ரகளையாயிடும்."

குராமோச்சியின் காது மடல் கொதித்தது.

"நிஷிவாக்கி, காலையிலயே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும்ங்க."

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"போன வருஷம் டாக்டர் சுமிதா உங்க தப்பைச் சொன்னாருங்க. இப்ப மாத்தலாகித் தீவு ஆஸ்பத்திரில கெடக்காரு."

ஹத்சுயேவின் சொந்தப் படத்தைத் திறந்து, காலையில் முடிவு செய்த வழியை அதில் போட்டுப் பார்த்தார்கள். கோடு ரத்தச் சிவப்பாகிப் பேச்சு நரம்பின் நடுவே பாய்ந்தது. புது வழி ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

குராமோச்சி அவள் முன் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. துப்புரவுப் பெண் அவரைச் சுற்றி இரண்டு முறை தரை துடைத்துவிட்டுப் போனாள்.

"நிமிருங்க டாக்டர், ரத்தம் தலைக்கு ஏறிடப் போவுது. நாளைக்கு அந்தத் தலை எனக்கு வேணும்."

மறுநாள் அறுவை அறையில் நோயாளியின் பெயரை ஏழு பேரையும் தனித்தனியாகப் படிக்கச் சொன்னார். "தப்பு இருந்தா சொல்லுங்க" என்று கெஞ்சவும் செய்தார். கடைசியில் ஒரு குரல் வந்தது: "கையுறையை இடம் வலம் மாத்திப் போட்டிருக்கீங்க, புரொஃபசர்."

மாற்றிப் போட்டுக்கொண்டார். ஊசி பச்சைக் கோட்டிலேயே போய், கோட்டிலேயே திரும்பியது.

கண் விழித்த ஹத்சுயே, "அடுத்த கூடை!" என்று கூவியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். குராமோச்சியால் மட்டும் எவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சுவரோரமாகவே நடந்து தன் அறைக்குப் போய், தீவிலிருக்கும் சுமிதாவோடு தொலைபேசியில் பேசினார். மன்னிப்பு என்ற சொல் அவர் தொண்டையை விட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

அந்த மருத்துவமனைக்கு முதல் ஸ்கேன் இயந்திரமே வரப்போவது அடுத்த ஏப்ரலில்தான். என் நாக்கு மட்டும் இன்னும் அழுகவில்லை.