கர்ணன் மாற்றியது ஜாஸ்பருக்கு ஏறியது

இப்போதெல்லாம் தன் அடுப்பில் பால் பொங்குவதை எவனும் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்றுதான் காதைத் தீட்டுகிறான். காமயகவுண்டன்பட்டியில் கர்ணனின் திராட்சை மண்டி சர்வரில் எதை மாற்றினாலும் அது ரோட்டுக்கு எதிரே ஜாஸ்பரின் மண்டி சர்வரில்தான் நடந்தது. ஒரே நேரத்தில் நாலு கவுண்டரில்தான் எடைச் சீட்டு வரும் என்றிருந்ததை, தேனியிலிருந்து வந்து அவருடைய சர்வர் மெஷினைப் பார்க்கும் மாரீஸ்வரி எட்டாக்கினாள். கர்ணனுக்கு நாலேதான். ஒன்றையும் தொடாத ஜாஸ்பருக்கு எட்டு. வேகத்தைக் கூட்டினாள்; அதுவும் ரோட்டைத் தாண்டியது. மேட்டுத் தோட்டத்துத் தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறதில்லையா, அதுபோல என்று ஊர் சொல்லிவிட்டது.

கர்ணனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவரிடம் பெட்டி இறக்கிய தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எதிரே போனார்கள். மிச்சமிருந்த சுருளியம்மாளும் வாய் விட்டாள்: "அங்கன போனவுக சீட்டு வாங்கி டீயும் குடிச்சிட்டாக. இங்கன உன் மெஷினு இன்னும் வட்டம் சுத்துதுப்பா."

"எழுதுனது சரியாத்தேன் இருக்கு அய்யா. ஒருக்கா அணைச்சுப் போட்டாத்தேன் மெஷினு அதப் படிக்கும்" என்றாள் மாரீஸ்வரி.

"சூடம் காட்டிப் போட்டது ஆத்தா. அணைக்கிறதுக்கா போட்டேன்?"

ஆயுத பூஜையில் போட்ட மெஷின் அது. கரண்ட் போனாலும் அணையாதபடி பேட்டரி வைத்திருந்தார். ஜாஸ்பரோ கடை சாத்தும்போதெல்லாம் அணைத்துவிட்டுப் போகிற ஆள். கர்ணன் யோசித்தார். எட்டை ஒன்றாக்கச் சொன்னார்.

"அது நம்ம மெஷினுய்யா!"

"நம்ம மெஷினுல என்னைக்கு நடந்திருக்கு? போடு."

மறுநாள் ஜாஸ்பரின் மண்டியில் ஒரே கவுண்டர்தான் ஓடியது. வெயிலில் திராட்சை கசிந்தது, பெட்டிகளின் வரிசை பஸ் நிறுத்தம் வரை நின்றது. கர்ணன் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முகம் மாப்பிள்ளை வீட்டார் முகம் போல இருந்தது.

அந்த வாரமே நீண்ட மின்தடை வந்தது. பேட்டரி செத்தது, மெஷின் அணைந்தது. கரண்ட் வந்து தானாக எழுந்தபோது கர்ணனின் மண்டியில் ஒரே கவுண்டர். எதிரே ஜாஸ்பருக்குப் பழையபடி எட்டு கவுண்டரும் ஓடின. மாற்றம் வீடு திரும்பிவிட்டது என்றது ஊர். சுருளியம்மாள் பெட்டியைத் தலையில் தூக்கி ரோட்டைக் கடந்தாள்.

"இப்பத்தேன் படிச்சிருக்குய்யா. எட்டுன்னு போட்டு இன்னொருக்கா அணைச்சா முடிஞ்சது" என்றாள் மாரீஸ்வரி.

எதிர்வாசலில் ஜாஸ்பர் வெறுமனே பல் குத்திக்கொண்டு நின்றான்.

"பாரு, காத்துக்கிட்டு நிக்கிறான். எட்டுன்னு போட்டா அவனுக்குத்தேன் போகும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றை ஒன்றாகவே விட்டுவிட்டு, கர்ணன் நடந்தார்.