ஓரிரு சொன்ன மழை

வானிலை அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஓரிரு’தான். திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துக்கான வட்டார வானிலையை எழுதி அனுப்புவது அவர் வேலை. ‘ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்புண்டு’ என்ற வரி இல்லாத வாரமே கிடையாது. மண்டையைப் பிளக்கும் வெயில் வாரத்திலும் எழுதிவைப்பார். எங்காவது ஒரு மூலையில் நாலு தூறல் விழுந்துவிட்டால்? பெய்தாலும் நாம் சொன்னதுதான், பெய்யாவிட்டாலும் நாம் சொன்னதுதான் என்பது அந்த அலுவலகத்தின் எழுதாத சட்டம். அதைப் பிசகாமல் காப்பாற்றியதால் அவர் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. பாராட்டும் வாங்கியதில்லை, அது வேறு விஷயம்.

இந்த வியாதி வீட்டுக்கும் தொற்றியிருந்தது. சாப்பாட்டில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால், “இயல்பை ஒட்டி இருக்கு” என்பார். மனைவிக்குப் பழகிவிட்டது. துணி காயப்போடும் முன் அவரைக் கேட்கமாட்டாள், மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொள்வாள். மகளுக்குத்தான் பழகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்று அவள் நேராகவே கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கா?”

“இப்போதைய நிலவரப்படி சாதகமாத்தான் இருக்கும்மா.”

“பிடிச்சிருக்கா, இல்லையா?”

“மாற்றத்துக்கு வாய்ப்பு குறைவு.”

மகள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். அதன் பிறகு கல்யாணம் நிச்சயமானது, அழைப்பிதழ் அடித்தாயிற்று, புடவையும் எடுத்தாயிற்று. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அப்பாவுக்கு உள்ளூர மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு உறுத்துகிறது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வாய் வரவேண்டுமே.

கல்யாணம் சனிக்கிழமை. அந்த வாரத்துக்கான வானிலையை எழுத அவர் திங்கட்கிழமை உட்கார்ந்தார். வசந்த காலம் என்று கவிஞர்கள் உருகுவார்கள். வானிலைக்காரனைக் கேட்டால் சொல்வான், வருஷத்திலேயே நம்பத்தகாத காலம் அதுதான் என்று. காலையில் சிரிக்கும், மத்தியானம் மூக்கைச் சிந்தும். கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தது. அவர் திறந்து வைத்திருந்த மூன்று கணிப்பு வரைபடங்களில் இரண்டு சனிக்கிழமை மழை என்றன, ஒன்று இல்லை என்றது. பிரமாதம், ‘ஓரிரு’வுக்கென்றே அமைந்த வாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, மாமா எதிரெதிரே இருக்குற தோட்டம், மண்டபம் ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கார். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணை விட்டுக்கொடுக்கணும். பூவெல்லாம் பூத்திருக்கு, தோட்டத்துலதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எங்கப்பா என்ன சொல்றாரோ அதுதான்னு நான் சொல்லிட்டேன்.”

மாமா என்றால் சம்பந்தி, ஊரறிந்த பல் டாக்டர்.

“ஓரிரு இடங்கள்ல…” என்று ஆரம்பித்தார்.

“அப்பா!” அவள் குரல் உடைந்தது. “எனக்கு ஓரிரு இடத்துல கல்யாணம் இல்லை, ஒரே இடத்துலதான். மழை வருமா, வராதா? ஒரு தடவையாவது நேரா சொல்லுங்களேன்.”

அவர் மறுபடி வரைபடங்களைப் பார்த்தார்.

“வரும்,” என்றார். “மண்டபத்துலயே வைங்கம்மா.”

போனை வைத்தார். மகளுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ‘சனிக்கிழமை வட்டாரம் முழுவதும் மழை பெய்யும்’ என்று தட்டினார். அதைப் படித்த இயக்குநருக்கு வேர்த்துவிட்டது.

“என்னய்யா இது? வாய்ப்பு எங்க? ஓரிரு எங்க?”

“வேண்டாம் சார்.”

“பெய்யலைன்னா?”

“பெய்யும் சார்.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா உமக்கு?” என்று கேட்டவர், எனக்கு இதில் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டுப் போனார்.

ஓரிருவே அடித்துச் சொல்கிறார் என்றால் விஷயம் இருக்கும் என்று ஊர் நம்பியது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் தள்ளிப்போனது. கடைகளில் குடை தீர்ந்துபோனது.

சனிக்கிழமை வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. தாழ்வு திசைமாறி நடுக்கடலில் கொட்டித் தீர்த்திருந்தது. மீன்கள்தான் நனைந்தன. மண்டபத்திலோ சாரல் அடிக்குமென்று ஜன்னல்களைச் சாத்தி வைத்து, உள்ளே ஆளுக்காள் வெந்துகொண்டிருந்தார்கள். நுழைவாயிலில் குடைகள் மலையாகக் குவிந்திருந்தன. பல் டாக்டர் அடிக்கடி திரையை விலக்கி, எதிரே பூத்துக் குலுங்கும் தோட்டத்தைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தார். அது கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவர்.

“சம்பந்தி, மழை எத்தனை மணிக்குங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மழைக்கோட்டோடு வந்த இயக்குநர், “நல்லா நனைஞ்சுட்டேன்யா, வேர்வையில,” என்று கைகுலுக்கினார். மனைவி பக்கத்தில் வந்து, “முப்பது வருஷமா தொறக்காத வாய், இந்த வாரம் பார்த்தா தொறக்கணும்?” என்றாள்.

ஓரிருவுக்கு மானம் போயிற்று. குடைமலைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பதுங்கினார். கல்யாணம் முடிந்து, போட்டோ எடுக்கிற சந்தடியில் நழுவி வந்த மகள் அவரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்கோம்மா. உன் தோட்டத்தைக் கெடுத்துட்டேன்.”

“தோட்டம் கிடக்குது. எனக்காக ஒரு வார்த்தை நேரா சொன்னீங்களே, அது போதும்.” கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொண்ணையும் அப்படியே சொல்லிடுங்க. அவரைப் பிடிச்சிருக்கா?”

அவர் எட்டிப் பார்த்தார். மேடையில் மாப்பிள்ளை ஒரு குடையை விரித்து, உர்ரென்று நின்ற தன் அப்பாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். பல் டாக்டர் அடக்கிப் பார்த்து, முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“பிடிச்சிருக்கு,” என்றார். “ரொம்பப் பிடிச்சிருக்கு.”

மகளுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“மழை வரும்னு சொன்னீங்களே, அந்த மாதிரியா?”

“மழை என் தொழில்மா, அது தப்பும். இது தப்பாது.”