கலமினாவில் ஆர்மோனியம் இருந்ததா?

இசைத்தட்டு உறையில் ஒட்டவேண்டிய ஸ்டிக்கரைப் புல்கா காட்டியபோதே நெலிதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"போஸ்ட்-பங்கா? இது யார் வச்ச பேரு?"

"பார்சிலோனா இசைத்தட்டுக் கம்பெனிக்காரன். பங்க் இசைக்கு அப்புறம் வந்த பாட்டுன்னு அர்த்தம்."

"நம்ம லிமாவுக்குப் பங்க் இசையே அப்பதான்டா வந்துச்சு. அதுக்குள்ள என்ன அப்புறம்?"

கீல்கா தெருவில் புல்காவின் இசைத்தட்டுக் கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய அளவுதான். கலமினா என்ற பழைய பாட்டுக் குழுவின் ஒரே கேசட்டை இசைத்தட்டாகக் கொண்டுவரும் வேலையில் அவன் இறங்கியிருந்தான். கூடவே ரசிகர்களின் நினைவுகள் அடங்கிய சிறு புத்தகம். அதைத் தொகுப்பது நெலிதாவின் பொறுப்பு. ப்ரேன்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறவள். யார் எதைச் சொன்னாலும் இரண்டு முறை கேட்பாள்.

அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது கலமினா 'சுப்தே', தரைக்கடியில் முளைத்த கூட்டம். பிறகு வந்த பையன்கள் அதைப் பங்க் என்றார்கள். அவர்களுடைய தம்பிமார் ஹார்ட்கோர் என்றார்கள். ஒவ்வொரு பெயர் மாறும்போதும் யாரோ புதிதாக உள்ளே நுழைகிறார்கள் என்றே நெலிதாவுக்குத் தோன்றும்.

"ஆதாரம் இருக்கு" என்றான் புல்கா. "ரீமாக் சர்ச் ஹால்ல அவங்க ஆர்மோனியம் வாசிச்சிருக்காங்க. மெதுவான பாட்டு, பங்க்ல அது கிடையாது. கேட்ட ஆளே வந்திருக்காரு."

ரீமாக் என்றதும் நெலிதா நிமிர்ந்தாள். அங்கே கலமினா வாசித்த ஞாயிறு மதியம், முதல் பாட்டு முடிவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ஊரில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். கறுப்புச் சட்டை போட்டவனெல்லாம் பயங்கரவாதி. நெலிதா சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினாள். அண்ணன் செல்சோ மாட்டிக்கொண்டான். வாரக்கணக்கில் உள்ளே வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்: "ஹால்ல எல்லாரையும் சுவரைப் பார்த்து உட்கார வச்சாங்க." பிறகு சிலிக்குப் போய்விட்டான். அன்றைக்குப் போலீசுக்குத் தகவல் சொன்னது யார் என்பது மட்டும் நெலிதாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஆர்மோனியத்தைக் கேட்ட ஆள் உபால்தோ ரெங்கிஃபோ. நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. கலமினாவின் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். கோரஸில் பாடகன் எந்த இடத்தில் இருமுவான் என்பதுகூடத் தெரிந்திருந்தது.

"எங்களைப் பிடிச்சு ஹால்ல அடைச்சிட்டாங்க, செனோரா. லாரி வர்றதுக்குள்ள ஒரு பொண்ணு அழ ஆரம்பிச்சா. அப்போ டிரம்ஸ்காரர் எழுந்துபோய் அந்தப் பழைய கால்மிதி ஆர்மோனியத்துக்கு முன்னால உட்கார்ந்தாரு. நாங்க அடிச்சுப் பிடிச்சுக் கத்துற பாட்டையே அவ்வளவு மெதுவா வாசிச்சாரு. வரிசையா எல்லார் முதுகும் லேசா ஆடுச்சு. அது இன்னும் கண்ணுல நிக்குது."

நெலிதாவின் பேனா நின்றது. முதுகு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவனுக்கு அடுத்தவன் முதுகு எப்படித் தெரியும்? பின்னால் நின்றவனுக்குத்தான் தெரியும்.

அவள் நோட்டை மூடினாள். நன்றி சொல்லி அனுப்பிவைத்துவிட்டுப் புல்காவிடம், "இந்தக் கதையை நீ சொல்லிக்குடுத்தியா?" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? அந்தக் கம்பெனிக்காக நான் ஆர்மோனியக் கதையை இட்டுக்கட்டுவேனா?"

"நீ ஸ்டிக்கருக்காக உங்க அம்மாவையே கிதார் வாசிக்க வச்சிருவே."

மறுநாள் அவள் கோமாஸுக்குப் பஸ் ஏறினாள். டிரம்ஸ் வாசித்த வில்பெர் அங்கே சலவை இயந்திரம் பழுதுபார்க்கிறான். ஒரு இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டபடியே பேசினான்.

"ஆர்மோனியமா? ஆமா, வாசிச்சேன். மிதிகட்டை வார் அறுந்திருந்துச்சு. காத்தடிக்க ஆள் வேணும். வாசல்ல துப்பாக்கியோட நின்ன சின்னப் போலீஸ்காரனைப் பார்த்து, 'தம்பி, கொஞ்சம் அமுக்கேன்'னேன். நக்கலாத்தான் சொன்னேன். அவன் வந்து மண்டிபோட்டு, கையால அமுக்க ஆரம்பிச்சுட்டான்."

"அவன் பேரு?"

"தெரியாது. ஆனா அப்புறமும் வந்தான். சாதாரணச் சட்டையில, நாங்க எங்க வாசிச்சாலும் ஒரு மூலையில நிப்பான். எங்களுக்குத் தாளம் தப்பும். வேவு பார்க்குறான்னு ஒருத்தன் சொன்னான். இல்ல, நீதான் அவனைக் கூட்டிட்டு வர்றேன்னு இன்னொருத்தன். கடைசியில யாரும் யாரையும் நம்பல. அதோட கலமினா முடிஞ்சுது."

ஊர் பேசியது வேறு. பாடகனும் கிதார்காரனும் ஒரு பெண்ணுக்காக அடித்துக்கொண்டார்கள் என்றே எல்லா ரசிகர்களும் நம்பினார்கள். நெலிதாவும்தான்.

கிளம்பும்போது ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னாள். வில்பெர் தலையை வெளியே எடுத்துச் சிரித்தான். "அப்போ எங்களைத் திருட்டுப்பசங்கன்னாங்க, பயங்கரவாதின்னாங்க. இப்போ போஸ்ட்-பங்கா? இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பேருக்கு யாரும் நம்மள அடிக்கமாட்டாங்க."

அடுத்த சனிக்கிழமை உபால்தோ கடைக்கு வந்தார். நெலிதா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"ஆர்மோனியத்துக்குக் காத்தடிச்சது யாரு?"

அவர் கதவைப் பார்த்தார். புல்கா அதற்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தான்.

"நான்தான்" என்றார். "போலீஸ்ல சேர்ந்த புதுசு."

"அப்புறம் அவங்க பின்னாடியே சுத்தினது?"

"முதல் தடவை அனுப்பினாங்க. என்ன பேசுறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. சும்மா சத்தம் போடுற பசங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் போனதெல்லாம் நானாப் போனது. பிடிச்சுப்போச்சு."

"அதை எப்படி நம்புறது?"

"நம்புறதுக்கு வழியில்ல, செனோரா."

"ரீமாக்ல தகவல் குடுத்தது யாரு?"

"எங்க போலீஸ் படையை லாரியில ஏத்தி அங்க இறக்கிவிட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு யாரும் சொல்லல."

அந்தப் பதிலை அவர் கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னார். உண்மை பேசுகிறவனும் அப்படித்தான் பார்ப்பான், பழகிய பொய்க்காரனும் அப்படித்தான் பார்ப்பான். நெலிதாவால் பிரித்தறிய முடியவில்லை.

அன்று மாலை அவள் சிலியில், சாந்தியாகோவில் இருக்கும் செல்சோவுக்குப் போன் போட்டு ஆர்மோனியத்தைப் பற்றிக் கேட்டாள். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவன் அணைத்தான்.

"இருந்துச்சு" என்றான். "அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். திரும்பிப் பார்த்தேன், ஒரு போலீஸ்காரன் மண்டிபோட்டு அமுக்கிட்டு இருந்தான். அவனும் அழுதான். அப்புறம் லாரி வந்துச்சு. அவனேதான் என் முதுகுல துப்பாக்கிக் கட்டையால இடிச்சு மேல ஏத்தினான்."

"அவன் நினைவைப் புத்தகத்துல போடலாமா, அண்ணா?"

"போடு. ஆனா அவன் யாருன்னும் போடு."

நெலிதா உபால்தோவிடம் அப்படியே சொன்னாள். 'அன்று வாசலில் நின்ற காவலன் நான்' என்று முதல் வரி இருந்தால் அச்சாகும், இல்லையென்றால் இல்லை. தன் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றார் அவர். அது உங்கள் பாடு என்றாள் அவள். மறுவாரம் அவர் வந்து, "போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகத்தில் உபால்தோ இருக்கிறார். அடுத்த பக்கத்தில், துப்பாக்கிக் கட்டையால் இடிபட்ட நினைவோடு, செல்சோ இருக்கிறான். உறையில் போஸ்ட்-பங்க் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நெலிதா அதற்காகச் சண்டை போடுவதை விட்டுவிட்டாள்.

வெளியீட்டன்று கடைக்குள் இடமில்லாமல் கூட்டம் தெருவில் நின்றது. மேகம் தாழ்ந்து தூறிக்கொண்டிருந்தது. உபால்தோ எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்றார். வில்பெர் போய் அவருக்கு ஒரு பீர் கொடுத்தான். இருவரும் ஏதோ பேசினார்கள், வில்பெர் சிரித்தான். நெலிதா போகவில்லை, அவரை விரட்டவும் இல்லை. பாட்டு ஓடிய நேரம் முழுவதும், தகவல் சொன்னது யார் என்ற பழைய முள்ளோடு, அவர் யார் யாரிடம் பேசுகிறார் என்று கூட்டத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.